பிரவுசருக்கே தெரிந்த வேலைக்குத் தனியாக ஸ்கிரிப்ட் எதற்கு?

ஃபோனில் 5ஜி சிக்னல் முழுதாக இருக்கிறது. பக்கமும் திறந்துவிட்டது. ஆனால் மெனுவைத் தொட்டால் அசைவே இல்லை. சரியாகத் தொடவில்லையோ என்று இன்னொரு முறை தொடுகிறோம். ஒரு நொடி கழித்து மெனு திறக்கிறது, திறந்த வேகத்தில் மூடிக்கொள்கிறது. இரண்டு தொடல்களும் பதிந்துதான் இருந்தன. அவற்றைக் கவனிக்கப் பிரவுசருக்கு நேரம் கிடைக்கவில்லை, அவ்வளவுதான்.

இதில் நெட்டின் தவறு எதுவும் இல்லை. பக்கம் வந்து சேர்ந்த பிறகு ஃபோனுக்குள் நடக்கும் நெரிசல் இது. 2024 மார்ச் 12 முதல் கூகுள், பக்கம் பயன்படுத்த எப்படி இருக்கிறது என்று அளக்கும் தன் கோர் வெப் வைட்டல்ஸ் அளவுகளில் இந்த நெரிசலை ஐஎன்பி என்ற பெயரில் சேர்த்திருக்கிறது. தளத்தின் நிலையைக் காட்டும் கூகுளின் சர்ச் கன்சோலில் அந்தப் பெயரைச் சிவப்பு நிறத்தில் பார்க்கும் தள உரிமையாளருக்கு முதலில் தோன்றுவது சர்வரை மாற்றலாமா, ஹோஸ்டிங்கைப் பெரிதாக்கலாமா என்பதுதான். ஐஎன்பியைப் பொறுத்தவரை அது பெரும்பாலும் உதவாது. பிரவுசருக்கு ஏற்கெனவே தெரிந்த வேலையை அதனிடமே விட்டுவிடுவது உதவும். ஏன் உதவுகிறது, எங்கே உதவாது என்பதை அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

## ஒரே கவுன்ட்டர், நீண்ட வரிசை

சர்வரிலிருந்து வரும் எழுத்துக் குவியலைத் திரையாக மாற்றப் பிரவுசர் ஐந்து வேலைகளைச் செய்கிறது.

1. ஹெச்டிஎம்எல்லைப் படித்து, எதற்குள் எது இருக்கிறது என்று ஒரு மரமாக அடுக்குகிறது. இதுதான் டாம்.
2. சிஎஸ்எஸ் விதிகளைப் படித்து, எந்த உறுப்புக்கு எந்த நிறம், எந்த அளவு என்று முடிவு செய்கிறது.
3. ஒவ்வொன்றும் திரையில் எங்கே, எவ்வளவு இடம் பிடிக்கும் என்று கணக்கிடுகிறது. இது லேயவுட்.
4. என்ன வரைய வேண்டும் என்ற பட்டியலைத் தயாரிக்கிறது. இது பெயின்ட்.
5. வரைந்த அடுக்குகளை ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்த்துத் திரைக்கு அனுப்புகிறது. இது காம்போசிட்டிங்.

முதல் நான்கும் பெரும்பாலும் மெயின் த்ரெட் என்ற ஒரே இழையில் நடக்கின்றன. அதே இழையில்தான் பக்கத்தை இயங்க வைக்கும் நிரலான ஜாவாஸ்கிரிப்ட்டும் (சுருக்கமாக, ஸ்கிரிப்ட்) ஓடுகிறது, நம் தொடல்களும் கவனிக்கப்படுகின்றன. ஒரே எடைத்தராசு உள்ள ரேஷன் கடையில் ஒருவர் பத்து கார்டுகளை நீட்டினால் பின்னால் நிற்பவர் எல்லோரும் காத்திருக்க வேண்டியதுதானே, அந்த நிலைமைதான் இங்கேயும்.

திரை நொடிக்கு 60 முறை புதுப்பிக்கப்படுகிறது என்றால் ஒரு முறைக்குக் கிடைப்பது 16.7 மில்லிநொடி. 50 மில்லிநொடிக்கு மேல் மெயின் த்ரெட்டைப் பிடித்து வைக்கும் வேலையை ‘லாங் டாஸ்க்’ என்கிறார்கள். பெரிய ஸ்கிரிப்ட் ஒன்று சாதாரண ஃபோனில் தொடங்கும்போது இப்படிப்பட்ட வேலைகள் வரிசையாக வந்து உட்கார்ந்துகொள்ளும்.

ஒரு விஷயம் பலரும் கவனிக்காதது. 100 கேபி படமும் 100 கேபி ஜாவாஸ்கிரிப்ட்டும் டவுன்லோட் ஆகும்போது ஒரே எடைதான். வந்து சேர்ந்த பிறகு கதை வேறு. படத்தைப் பிரித்து விரிக்கும் வேலை பெரும்பாலும் மெயின் த்ரெட்டுக்கு வெளியே முடிந்துவிடும். ஸ்கிரிப்ட்டைப் படிக்க வேண்டும், கம்பைல் செய்ய வேண்டும், ஓட்ட வேண்டும். ஓட்டுவது முழுக்க மெயின் த்ரெட்டில். விலை உயர்ந்த ஃபோனில் கண்ணுக்கே தெரியாத இந்தச் செலவு, குறைந்த விலை ஆண்ட்ராய்ட் ஃபோனில் கைக்குத் தெரியும். ஸ்கிரிப்ட்டின் செலவைப் பக்கத்தை எழுதியவர் கட்டுவதில்லை. படிக்க வந்தவரின் ஃபோன்தான் கட்டுகிறது.

## அறிக்கையில் வரும் மூன்று பெயர்கள்

எல்சிபி: திரையில் தெரியும் மிகப் பெரிய படமோ எழுத்துப் பகுதியோ எப்போது வருகிறது. 2.5 நொடிக்குள் வர வேண்டும்.

ஐஎன்பி: தொட்டதற்கோ, தட்டியதற்கோ திரையில் அடுத்த மாற்றம் தெரிய எவ்வளவு நேரம். 200 மில்லிநொடிக்குள் இருக்க வேண்டும். இதற்கு முன் இருந்த எஃப்ஐடி என்ற அளவு முதல் தொடலின் காத்திருப்பை மட்டும் பார்த்தது. ஐஎன்பி பக்கத்தில் இருக்கும் நேரம் முழுக்கப் பார்த்து, ஏறக்குறைய மிக மோசமான தொடலைக் கணக்கில் எடுக்கிறது. அதனால்தான் பழைய அளவில் பச்சையாக இருந்த பக்கம் புதிய அளவில் சிவப்பாக மாறக்கூடும்.

சிஎல்எஸ்: படித்துக்கொண்டிருக்கும்போது பக்கம் எவ்வளவு குதிக்கிறது. 0.1-க்குள் இருக்க வேண்டும்.

மூன்றிலுமே, நிஜப் பயனர்களின் நான்கில் மூன்று வருகைகளாவது இந்த எல்லைக்குள் வந்தால்தான் ‘நல்லது’.

## லைப்ரரிகள் வந்த காரணமும், அந்தக் காரணம் போன கதையும்

பிரவுசர் ஸ்டாண்டர்ட் என்பது, ஒரு டேகோ கட்டளையோ எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று பிரவுசர் தயாரிப்பாளர்கள் கூடி எழுதி வைத்திருக்கும் பொது விதி. ஹெச்டிஎம்எல்லுக்கு வாட்விக், சிஎஸ்எஸ்ஸுக்கு டபிள்யூ3சி, ஜாவாஸ்கிரிப்ட் மொழிக்கு டிசி39 குழு.

2006-இல் ஜான் ரெசிக் ஜேக்வெரி என்ற லைப்ரரியை, அதாவது யாரும் எடுத்துப் பயன்படுத்தக்கூடிய ஆயத்த ஸ்கிரிப்ட் தொகுப்பை, வெளியிட்டபோது விதி ஒன்று, நடைமுறை வேறு. ஒரு பட்டனில் க்ளிக்கைக் கவனிக்கக்கூட இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரருக்கு ஒரு கட்டளை, மற்ற பிரவுசர்களுக்கு வேறு கட்டளை. எல்லாவற்றையும் ஒரே குரலில் பேச வைத்த ஜேக்வெரி அன்று அவசியமாகவே இருந்தது. அதைப் பயன்படுத்தியவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

பிறகு நிலைமை மாறியது. 2020 ஜனவரியில் மைக்ரோசாஃப்ட்டின் எட்ஜ், குரோமுக்கு அடிப்படையான குரோமியத்துக்கு மாறியது. 2022 ஜூன் 15-இல் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 11-க்கான ஆதரவு நின்றது. அதே 2022-இல் ஆப்பிள், கூகுள், மைக்ரோசாஃப்ட், மொசில்லா முதலானவை ‘இன்டராப்’ என்ற கூட்டுத் திட்டத்தில் ஆண்டுதோறும் சில வசதிகளைத் தேர்ந்து, எல்லாப் பிரவுசரிலும் ஒரே மாதிரி நடக்க வைக்க ஆரம்பித்தன. பிரவுசர்களுக்கு இடையில் இருந்த பள்ளத்தைத் தாண்டத்தான் லைப்ரரி என்ற பலகையைப் போட்டோம். பள்ளத்தின் பெரும்பகுதி மூடிவிட்டது, பலகை மட்டும் இன்னும் பல தளங்களில் கிடக்கிறது.

பிரிட்டன் அரசின் கவ்.யூகே தளம் 2022-இல் தன் பெரும்பாலான பக்கங்களிலிருந்து ஜேக்வெரியை நீக்கியது. ஒவ்வொரு பக்கத்திலும் குறைந்தது சுமார் 32 கேபி. சிறிய தொகைதானே என்று தோன்றும். நல்ல இணைப்பு உள்ளவர்களுக்கு வித்தியாசம் சிறிதுதான். மெதுவான கருவியும் மோசமான இணைப்பும் உள்ளவர்களுக்கே அதிகப் பலன் கிடைத்தது. அரசு சேவையை அவசரத்துக்குத் தேடி வருகிறவர்களில் அவர்களும் உண்டு என்பதால், இந்த 32 கேபியை நான் சின்னக் கணக்காகப் பார்க்க மாட்டேன்.

## கிட்டத்தில் போய்: ஒரு பாப்அப் பெட்டி

‘உறுதியாக நீக்கவா?’ என்று கேட்கும் சாதாரணப் பெட்டி. கையால் ஒழுங்காகக் கட்ட என்னவெல்லாம் வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள்.

1. மற்ற எல்லாவற்றுக்கும் மேலே அது தெரிய வேண்டும். இதற்காக சிஎஸ்எஸ்ஸில் எது மேலே என்று சொல்லும் எண்ணான இசட்-இண்டெக்ஸை 999 என்று போடுவார்கள். அடுத்து வருபவர் 9999 போடுவார். பெட்டி வேறொரு அடுக்குக்குள் மாட்டியிருந்தால் எத்தனை 9 போட்டாலும் மேலே வராது.
2. டேப் விசையைத் தட்டும்போது ஃபோகஸ், அதாவது விசைகள் இப்போது எந்த உறுப்பில் வேலை செய்யும் என்ற இடம், பின்னால் இருக்கும் பக்கத்துக்குப் போகக் கூடாது.
3. பின்னால் இருக்கும் பக்கம் தொடலுக்கும், ஸ்கிரீன் ரீடருக்கும் எட்டாமல் இருக்க வேண்டும்.
4. எஸ்கேப் விசையில் மூட வேண்டும்.
5. மூடியதும், எந்தப் பட்டனிலிருந்து திறந்தோமோ அங்கேயே ஃபோகஸ் திரும்ப வேண்டும்.

ஒவ்வொன்றுக்கும் ஸ்கிரிப்ட் எழுதி, பார்வையற்ற ஒருவர் ஸ்கிரீன் ரீடரோடு பயன்படுத்தும் அளவுக்குச் சோதித்து முடிப்பது சில நாள் வேலை. அதனால் ஒரு லைப்ரரி, அந்த லைப்ரரிக்கு ஒரு சிஎஸ்எஸ் கோப்பு.

ஹெச்டிஎம்எல்லின் டயலாக் டேகை ‘ஷோமோடல்’ என்ற ஒரே அழைப்பால் திறந்தால் இந்த ஐந்தும் உடன் வருகின்றன. பிரவுசர் அதை ‘டாப் லேயர்’ என்ற தனி அடுக்கில் வைக்கிறது. பக்கத்தின் எந்த இசட்-இண்டெக்ஸும் அதற்கு மேலே போக முடியாது. இந்த வேலையைச் செய்யும் நிரல் பிரவுசரோடு சேர்ந்து ஏற்கெனவே ஃபோனில் இருக்கிறது. டவுன்லோடும் இல்லை, தொடங்கும் செலவும் இல்லை.

குரோமில் இந்த டேக் 2014-லேயே வந்துவிட்டது. ஃபயர்ஃபாக்ஸ் 98-உம் சஃபாரி 15.4-உம் 2022 மார்ச்சில்தான் கொண்டுவந்தன. நடுவில் இருந்த எட்டு ஆண்டுகளில் கற்றுக்கொண்டவர்களுக்கு ‘டயலாக் டேகை நம்பாதே’ என்பது பாடமாகவே பதிந்துவிட்டது. அந்தப் பாடம் காலாவதியாகி ஆண்டுகள் ஆகின்றன.

ஒரு குறையும் உண்டு. ஷோமோடல் பின்னால் இருக்கும் பக்கத்தின் ஸ்க்ரோலைத் தானாக நிறுத்தாது. பெட்டி திறந்திருக்கும்போது விரல் பட்டால் பின்பக்கம் நகரும். இதற்கும் ஸ்கிரிப்ட் வேண்டாம். ‘திறந்த டயலாக் உள்ளே இருந்தால் பாடியின் ஸ்க்ரோலை மறை’ என்று சிஎஸ்எஸ்ஸின் ‘ஹேஸ்’ தேர்வியில் (விதி எந்த உறுப்புக்கு என்று குறிக்கும் பகுதி) ஒரே வரியாக எழுதலாம். 2023 டிசம்பரில் ஃபயர்ஃபாக்ஸ் 121 வந்ததிலிருந்து முக்கியப் பிரவுசர்கள் எல்லாவற்றிலும் அந்தத் தேர்வி இருக்கிறது.

மெனு, குறிப்புப் பெட்டி போல வெளியே தொட்டால் மூடிக்கொள்ள வேண்டியவற்றுக்குப் பாப்ஓவர் என்ற பண்பு இருக்கிறது. கேள்வி-பதில் பகுதி மாதிரி விரிந்து மூடுபவற்றுக்கு டீடெயில்ஸ், சம்மரி டேகுகள். ஒன்றைத் திறந்தால் மற்றது மூட வேண்டுமா? எல்லா டீடெயில்ஸுக்கும் ஒரே ‘நேம்’ கொடுத்தால் போதும். தொடக்கத்தில் சொன்ன தடுமாறும் மெனு இப்படிக் கட்டப்பட்டிருந்தால், மெனுவுக்கான ஸ்கிரிப்ட் வந்து ஓடும் வரை காத்திருக்கும் நிலையே வராது.

## ஸ்க்ரோலும் படங்களும்

கீழே இருக்கும் படங்களை, அருகில் வரும்போது மட்டும் டவுன்லோட் செய்வதை லேசி லோடிங் என்கிறோம். பழைய முறையில், ஸ்க்ரோல் ஆகும் ஒவ்வொரு முறையும் ஒரு ஸ்கிரிப்ட் எழுந்து ‘இந்தப் படம் எங்கே இருக்கிறது?’ என்று பிரவுசரைக் கேட்கும்.

கேள்வி சின்னதுதான், ஆனால் பதில் சொல்லப் பிரவுசர் லேயவுட் கணக்கை முழுதாக முடித்திருக்க வேண்டும். ஸ்கிரிப்ட் ஒரு படத்தின் இடத்தைக் கேட்கிறது, பிறகு அதன் உயரத்தை மாற்றுகிறது, அடுத்த படத்தின் இடத்தைக் கேட்கிறது. மாற்றம் நடந்துவிட்டதால் பழைய கணக்கு செல்லாது; மறுபடி முதலிலிருந்து. 40 படங்கள் என்றால் ஒரே ஸ்க்ரோல் அசைவில் 40 முறை லேயவுட். விரலுக்கும் திரைக்கும் இடையில் இழுபறி வருவது இங்கேதான்.

இப்போது படத்தின் டேகில் ‘லோடிங்’ பண்புக்கு ‘லேசி’ என்று ஒரு சொல் எழுதினால் போதும். குரோம் 2019-இலும், ஃபயர்ஃபாக்ஸ் 2020-இலும், சஃபாரி 2022-இலும் இதைக் கொண்டுவந்தன. படம் அல்லாத வேறு ஏதாவது திரைக்குள் வருகிறதா என்று அறிய வேண்டுமானால் இன்டர்செக்ஷன் அப்சர்வர் இருக்கிறது. அதில் நாம் கேட்டுக்கொண்டே இருப்பதில்லை, வரும்போது பிரவுசரே சொல்லும்.

இங்கே அடிக்கடி நடக்கும் ஒரு தவறைச் சொல்லியாக வேண்டும். ‘லேசி வேகம் தரும்’ என்று கேள்விப்பட்டு எல்லாப் படங்களுக்கும் அதைப் போட்டுவிடுகிறார்கள், பக்கத்தின் உச்சியில் இருக்கும் பெரிய படம் உட்பட. அந்தப் படம்தான் பெரும்பாலும் எல்சிபி. லேசி போட்டதும், லேயவுட் தெரியும் வரை பிரவுசர் அதைக் கேட்டு அனுப்பாது. எல்சிபி தாமதமாகிறது. முதல் திரையில் தெரியும் படத்துக்கு லேசியை எடுத்துவிட்டு, ‘ஃபெட்ச்பிரயாரிட்டி’ பண்புக்கு ‘ஹை’ கொடுங்கள்.

அப்புறம், எல்லாப் படங்களுக்கும் அகலமும் உயரமும் எழுதுங்கள். 2019 இறுதியிலிருந்து குரோமும் ஃபயர்ஃபாக்ஸும் அந்த எண்களை வைத்துப் படம் வருவதற்கு முன்பே இடம் ஒதுக்கி வைக்கின்றன. சஃபாரியும் பின்னர் சேர்ந்துகொண்டது. சிஎல்எஸ் சிக்கல்களில் கணிசமானவை இந்த இரண்டு எண்களோடு தீரும்.

## தமிழ்ப் பக்கங்களுக்குக் கூடுதலாகச் சில

யூடிஎஃப்-8 முறையில் ஆங்கில எழுத்துக்கு 1 பைட், தமிழின் ஒவ்வொரு குறியீட்டுக்கும் 3 பைட். ‘தமிழ்’ என்ற சொல்லில் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று 5 குறியீடுகள், 15 பைட். சர்வர் சுருக்கி அனுப்பினால் இது பெரிய பாரமில்லை. பாரம் ஃபான்ட்டில் வருகிறது.

ஆண்ட்ராய்டில் நோட்டோ தமிழ், விண்டோஸில் நிர்மலா, ஆப்பிளில் தமிழ்ச் சங்கம் என்று கருவிகளிலேயே தமிழ் ஃபான்ட் இருக்கிறது. கட்டுரையின் உடல் பகுதிக்கு அதையே பயன்படுத்தினால் டவுன்லோட் பூஜ்யம். தலைப்புக்குத் தனி ஃபான்ட் வேண்டும் என்றால், ‘ஃபான்ட்-டிஸ்ப்ளே: ஸ்வாப்’ என்று எழுதுங்கள், ஃபான்ட் வரும் வரை எழுத்து மறைந்திருக்காது. ‘யூனிகோட்-ரேஞ்ச்’ எழுதினால், அந்த எல்லைக்குள் வரும் எழுத்து பக்கத்தில் இருந்தால் மட்டுமே ஃபான்ட் இறங்கும்.

எண்களுக்கும் தேதிக்கும் லைப்ரரி தேடுவதும் தேவையில்லை. 12345678 என்பதை 1,23,45,678 என்று நம் லட்சம், கோடிக் கணக்கில் பிரித்துக் காட்ட பிரவுசரின் ‘இன்டெல்’ (Intl) வசதிக்குத் தெரியும். தேதிக்கென்று பலரும் சார்ந்திருந்த மொமென்ட் லைப்ரரியின் பராமரிப்பாளர்களே 2020-இல், இனிப் புதிய வேலைகளுக்கு இதைத் தேர்ந்தெடுக்க வேண்டாம் என்று அறிவித்துவிட்டார்கள்.

‘தமிழ்’ என்ற சொல்லின் நீளத்தை ஜாவாஸ்கிரிப்ட்டிடம் கேட்டால் 5 என்கும். நமக்கு அது 3 எழுத்து. எழுத்து எண்ணிக்கையை வைத்து வரியை வெட்டும் ஸ்கிரிப்ட்கள் ‘மி’யை ம என்றும் அநாதையான குறி என்றும் உடைப்பது இதனால்தான். இன்டெல்லில் உள்ள ‘செக்மென்டர்’ இதைச் சரியாக 3 என்று பிரிக்கும். ‘க்ஷ’வை மட்டும் க், ஷ என இரண்டாகவே எண்ணும், அதை ஒரே எழுத்தாக வேண்டுபவர்கள் தனியாகக் கவனிக்க வேண்டும்.

## எதை எப்போது நம்புவது

இதற்காகவே 2023-இல் ‘பேஸ்லைன்’ என்ற அடையாளம் வந்தது. ஒரு வசதி குரோம், எட்ஜ், ஃபயர்ஃபாக்ஸ், சஃபாரி எல்லாவற்றிலும் வந்த அன்று அது ‘புதிதாகக் கிடைப்பது’. அதிலிருந்து 30 மாதம் கழிந்தால் ‘பரவலாகக் கிடைப்பது’. இரண்டாவது வகையைத் தயங்காமல் எடுத்துக்கொள்ளலாம்.

முதல் வகையை எடுக்கும்போது, இல்லாத பிரவுசரில் என்ன ஆகும் என்று மட்டும் பாருங்கள். லேசி தெரியாத பிரவுசரில் படம் முன்கூட்டியே இறங்கும், வேறு சேதமில்லை. டயலாக் தெரியாத பிரவுசரில் ஷோமோடல் வேலை செய்யாது, பெட்டிக்குள் இருக்க வேண்டியது பக்கத்திலேயே சாதாரணப் பகுதியாகத் தெரியும். இந்த இரண்டும் ஒரே ரக ஆபத்து அல்ல. பழைய பிரவுசருக்கான மாற்று ஸ்கிரிப்ட்டை எல்லோருக்கும் சேர்த்து அனுப்பினால் மிச்சம் பிடித்த வேகம் அப்படியே போய்விடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

## எங்கே இது போதாது

தேடிப் பார்த்துத் தேர்ந்தெடுக்கும் பட்டியல், நாள்காட்டியின் தோற்றம் ஆகியவற்றில் நேட்டிவ் வசதிகள், அதாவது பிரவுசரிலேயே இருப்பவை, இன்னும் பிரவுசருக்குப் பிரவுசர் மாறுகின்றன. பல்லாயிரம் வரிசைகள் கொண்ட அட்டவணை, பலர் ஒரே நேரத்தில் திருத்தும் ஆவணம் போன்றவற்றுக்கு நல்ல லைப்ரரிதான் வழி. டேட்டாபேஸ் தேடல் மெதுவாக இருந்தால் பிரவுசர் பக்கம் எதைச் செய்தும் பயனில்லை. வெளியாரின் விளம்பரமும் கண்காணிப்பு ஸ்கிரிப்ட்டும் மெயின் த்ரெட்டைப் பிடித்திருந்தால், முதலில் அவற்றைக் குறைப்பதுதான் வழி.

## எங்கிருந்து தொடங்குவது

1. குரோமில் தளத்தைச் சோதிக்க உள்ள டெவ்டூல்ஸில் பெர்ஃபார்மன்ஸ் பகுதியைத் திறந்து, சிபியூவை 4 மடங்கோ 6 மடங்கோ மெதுவாக்கி, மெனுவைத் தொட்டுப் பதிவு செய்யுங்கள். லாங் டாஸ்க்குகள் சிவப்பு முனையோடு தெரியும்.
2. கவரேஜ் பகுதியில், இறங்கிய ஸ்கிரிப்ட்டில் எவ்வளவு பயன்படவே இல்லை என்று பாருங்கள்.
3. பயன்படாத பெரிய துண்டு எந்த லைப்ரரியுடையது, அது செய்யும் வேலைக்கு நேட்டிவ் வசதி உண்டா என்று எழுதி வையுங்கள்.
4. ஒரே நாளில் எல்லாவற்றையும் பிடுங்காதீர்கள்.

நான்காவதுக்கு, நிரல்களைச் சேமித்துப் பகிரும் தளமான கிட்ஹப் நல்ல முன்மாதிரி. 2007 இறுதியில் அவர்கள் தளத்துக்குள் வந்த ஜேக்வெரி 2018-இல் முழுதாக வெளியேறியது. முதலில், யாராவது புதிதாக ஜேக்வெரி எழுதினால் தானியங்கிச் சோதனையிலேயே தடுத்தார்கள். மொத்த நிரலில் ஜேக்வெரி அழைப்புகளின் விகிதத்தை அளந்து, அது இறங்குகிறதா என்று தொடர்ந்து பார்த்தார்கள். பக்கத்தை மறுபடி திறக்காமல் சர்வரிடம் தகவல் கேட்கும் ஏஜாக்ஸ் அழைப்புகளில் கடைசியானது, பிரவுசரிலேயே உள்ள ‘ஃபெட்ச்’ ஆக மாறியதும், ஜேக்வெரியிலிருந்து ஏஜாக்ஸ் பகுதியை மட்டும் கழற்றிச் சிறிய பதிப்பாக்கினார்கள். ஜேக்வெரிக்கே உரிய தேர்விகள் தீர்ந்ததும் அந்தப் பகுதியைக் கழற்றினார்கள். இப்படிப் பகுதி பகுதியாகக் கழன்று, இறுதியில் நீக்குவதற்கு மிச்சம் இருந்தது மிகக் கொஞ்சம். அந்த இடத்தில் வேறு எந்த ஃபிரேம்வொர்க்கையும் அவர்கள் வைக்கவில்லை.